சரிவில் நிற்கும் வண்டிக்குக் கட்டை போடுதல்

அடுத்த முறை தோட்டத்து மாரியம்மன் தேர் பார்க்கப் போனால், கும்பிட்டு முடித்த கையோடு கொஞ்சம் குனிந்து சில்லையும் பாருங்கள். ஆப்பு மாதிரி வெட்டிய கட்டையைக் கையில் பிடித்தபடி, சில்லுக்குப் பக்கத்திலேயே ஆட்கள் நடந்து வருவார்கள். தேர் திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு பக்கச் சில்லுக்குக் கட்டை விழும். இறக்கத்தில் இரண்டு பக்கமும் விழும். மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் வீதிக்கு வரும்போது இந்த வேலையைக் கண்ணாரப் பார்க்கலாம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சில்லும் ஹைட்ரோலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்துப் பல வருடமாகிறது. அங்கேயும் முட்டுக்கட்டை போடுகிறவர்களுக்கு வேலை இருந்துகொண்டுதான் இருக்கிறது. பிரேக் உள்ள தேருக்கே கட்டை வேண்டும் என்றால், சொந்தமாகப் பிரேக்கே இல்லாத டிரெக்டர் பெட்டிக்கு எவ்வளவு வேண்டும்!

இந்த அத்தியாயம் முக்கியமாக அந்தப் பெட்டியை மனதில் வைத்து எழுதியது. கொழுந்து லொறிக்கும், தண்ணீர் பவுசருக்கும், நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிக்கும் முறை ஒன்றுதான். வித்தியாசம் வரும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். நான் லொறியில் கிளீனராகப் போய்ப் பிறகு சாரதியானவன். ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: கட்டை வைக்காத வண்டிக்குப் பின்னால் ஓர் ஆள்கூட நிற்கக்கூடாது. நம்முடைய ரோட்டுகளுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு லயம் இருக்கிறது. லயம் இல்லாவிட்டால் மலையில் கொழுந்து எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். உருளத் தொடங்கிய பெட்டி ஆளில்லாத வெறுங்காணியில் போய் நிற்பது இங்கே அபூர்வம்.

சரிவை அளந்து பாருங்கள்

கண்ணை நம்பாதீர்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குப் பத்துச் சதவீதச் சரிவும் சமதரையாகத்தான் தெரியும். ஒரு மீற்றர் நீளத்தில் நேரான பலகை, மேசனிடம் இருக்கிற ரசமட்டம், பள்ளிக்கூடத்து அடிமட்டம் மூன்றும் போதும். பலகையின் ஒரு முனையை ரோட்டின் மேட்டுப் பக்கம் ஊன்றுங்கள். மறுமுனையைப் பள்ளத்துப் பக்கம் நீட்டி, மட்டத்தின் குமிழ் நடுவில் வரும்வரை தூக்குங்கள். தூக்கிய முனைக்கும் தரைக்கும் இடையில் எத்தனை சென்டிமீற்றரோ, சரிவு அத்தனை சதவீதம்.

1884இல் ஹற்றனுக்கும் அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் ரயிலைக் கொண்டுவந்தவர்கள், 44 அடி போனால் ஓர் அடி ஏறலாம், அதற்கு மேல் கூடாது என்று கணக்கு வைத்துத்தான் பாதையை மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்தார்கள். நம் பலகையில் அது 2.3 சென்டிமீற்றர். பிரேக் இல்லாமல் விட்டால் அந்தச் சின்னச் சரிவிலேயே வேகன் உருண்டுவிடும். நான் பலகை வைத்துப் பார்த்த மடுவ வாசல்களில் 8, 10 என்பது சாதாரணம். ஒரு ஸ்டோர் ரோட்டில் 14 வந்தது.

இந்த எண்ணை வைத்து ஒரு சின்னப் பெருக்கல் செய்யலாம். 2,000 கிலோ நிறையுள்ள பெட்டி 10 சதவீதச் சரிவில் நின்றால், ஏறத்தாழ 200 கிலோ விசை அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது. சரிவு 15 என்றால் 300. பெட்டி அசையத் தொடங்கியதைக் கண்டதும் ஓடிப்போய் முதுகைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அந்த எண்ணமே வேண்டாம். அசைந்த பெட்டியை ஆள் தடுக்க முடியாது. சத்தம் போட்டு, கீழே இருப்பவர்களை விலக்குவது மட்டும்தான் அந்த நேரத்தில் செய்யக்கூடியது.

மடுவத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. சந்தைக்குப் போகிற லொறி சுமையோடு வந்து நிற்கும். கொழுந்துப் பெட்டி வெறுமையாக வந்து நின்று, நின்ற இடத்திலேயே சுமை ஏறும். வெறும் பெட்டி 800 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சதவீதச் சரிவில் அது இழுப்பது 80 கிலோதான், டிரெக்டரின் கை பிரேக் சிரமமில்லாமல் பிடித்துக்கொள்ளும். நிறுவை முடிந்து 1,200 கிலோ கொழுந்து ஏறியதும் அதே பெட்டி 200 கிலோ விசையில் இழுக்கிறது. பிரேக்கைப் போட்ட சாரதி அதற்குள் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார். காலை, பகல், அந்தி என்று ஒவ்வொரு நிறுவைக்கும் இதே கதை. சாக்குகள் ஏற ஏற ஆட்கள் கூடி நிற்பதும் பெட்டியின் பின்பக்கத்தில்தான்.

நான் கிளீனராகப் போன முதல் வருடம், ஒரு தோட்டத்தில் அந்தி நிறுவை. நல்ல மழை. கட்டை போட வேண்டியவன் நான், போடவில்லை. பிரேக் பிடித்திருந்தது, பெட்டியும் அரை மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் நின்றது. கடைசிச் சாக்குகள் ஏறும்போது ஒரு சாண் பின்னால் வந்தது. சத்தமே இல்லை. சாக்கை முதுகில் தாங்கிப் பின்னால் நின்ற ஓர் அக்காவின் காலுக்கும் டயருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான் மிச்சம். அவர் கத்தவில்லை. சாக்கை இறக்கி வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்குப் பிறகு கட்டை வைக்காத பெட்டியில் ஒரு சாக்கையும் ஏற நான் விட்டதில்லை.

கல் வேண்டாம்

நம் பக்கத்தில் வழக்கம் கல்தான். வண்டி நின்றதும் கிளீனர் குதித்து, வடிகான் ஓரத்தில் கிடக்கிற கல்லைத் தூக்கி டயருக்கு அடியில் போடுவார். உருண்டைக் கல் டயரோடு சேர்ந்து தானும் உருளும். தட்டைக் கல்லில் டயர் ஏறி இறங்கிவிடும். சுமை ஏறினால் உடைகிற கல்லும் உண்டு.

அதைவிடப் பெரிய கெடுதி வண்டி போன பிறகு நடக்கிறது. சாரதி எடுக்கிறார், வண்டி நகர்கிறது, கிளீனர் ஓடி ஏறிக்கொள்கிறார். கல் ரோட்டிலேயே கிடக்கிறது. பின்னேரம் நாலு மணிக்கு றம்பொடைப் பக்கமோ லிந்துலைப் பக்கமோ மூடுபனி இறங்கியதும், வளைவில் திரும்பி வருகிற மோட்டார் சைக்கிளின் முன் சில்லு அந்தக் கல்லில் ஏறுகிறது. த்ரீவீலருக்கும் அதே ஆபத்துதான், அதன் முன்னால் இருப்பது ஒற்றைச் சில்லு. வேறு யாரோ போட்ட கல்லாக இருந்தாலும், போகிற வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி வடிகானுக்குள் தள்ளிவிட்டுப் போங்கள். இதை நான் வேண்டுகோளாகவே எழுதுகிறேன்.

சொந்தக் கட்டை வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டுப் போகமாட்டார், அதற்குக் காசோ உழைப்போ செலவாகியிருக்கிறது. கயிற்றால் பெட்டியோடு கட்டி வைத்துவிட்டால் மறதிக்கும் இடமில்லை.

எந்த அளவு, எந்த மரம்

கட்டையின் உயரம் டயரின் முழு உயரத்தில் குறைந்தது கால்வாசி இருக்க வேண்டும். சிறிய லொறிகளிலும் பெட்டிகளிலும் பரவலாகப் போடுகிற 7.50-16 டயர் ஏறத்தாழ 80 சென்டிமீற்றர் உயரம், ஆகவே கட்டை 20 சென்டிமீற்றர். கடைகளில் காருக்கென்று விற்கிற சின்ன இறப்பர் கட்டையை வாங்கிவந்து லொறிக்கு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டயர் அதில் படிக்கட்டு ஏறுவதுபோல் ஏறிவிடும். வாங்குவதானால் அடிமட்டத்தோடு கடைக்குப் போங்கள்.

மரத்தில் செய்வதுதான் தோட்டத்துக்குத் தோது. தச்சரிடம் இப்படிச் சொல்லுங்கள்: அடி நீளம் 35, உயரம் 20, அகலம் டயரின் அகலத்துக்குக் குறையாமல் 20 சென்டிமீற்றர். டயர் சாயும் முகம் ஏறத்தாழ 45 பாகையில் சரிந்திருக்க வேண்டும். மேலே கொஞ்சம் தட்டையாக விடலாம். மரத்தின் நார் கட்டையின் அடி நீளத்தோடு ஓட வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். நார் நிமிர்ந்து நின்றால், சுமை விழுந்த அன்றே முன் நுனி தெறித்துவிடும்.

டர்பன்டைன் மரம் நல்ல கெட்டி, கிடைத்தால் அதுவே எடுங்கள். பலா மரமும் நிற்கும். சவுக்கு மோசமில்லை, ஆனால் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். அல்பீசியா வேண்டவே வேண்டாம். அது மெத்தென்ற மரம், இரண்டு மழைக்குப் பிறகு டயர் அதை நசுக்கிவிடும். ஒட்டுப்பலகையை அடுக்கி ஆணி அடித்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஈரத்தில் பிரிந்துவிடும். கொங்கிரீட் வார்த்த கட்டை பாரம், கீழே விழுந்தால் மூலை உடையும். இரும்பில் வெல்டிங் செய்த கட்டை மண் ரோட்டில் நன்றாகக் கடிக்கும். நனைந்த தாரில் அதுவே சறுக்குப் பலகையாகிவிடும், அடியில் பல் வைத்திருந்தால் ஓரளவு நிற்கும்.

மரக்கட்டையின் அடியில் பழைய டயரின் பட்டன் உள்ள பகுதியை வெட்டி, ஆணித் தலை உள்ளே அமுங்கும்படி அடியுங்கள். நனைந்த தாரிலும் கொங்கிரீட்டிலும் இறப்பரைவிடப் பிடிப்பது வேறில்லை. சேற்றிலும் பாசி பிடித்த கல் ரோட்டிலும் எந்தக் கட்டையும் தானாக நிற்காது. அங்கே மண்வெட்டியால் நாலு விரல் ஆழத்துக்குக் கொத்தி, கட்டை உட்காருவதற்கு ஒரு குழி செய்து வையுங்கள். நாட்டிலேயே அதிக மழை விழும் இடங்களில் ஒன்றான வட்டவளைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு வருடத்தில் பாதி நாள் இந்தக் கொத்து வேலை இருக்கும், பெட்டியில் மண்வெட்டி நிரந்தரமாக இருக்கட்டும்.

பின்பக்கத்தில் ஒரு துளை போட்டு, ஒரு மீற்றருக்குக் குறையாத கயிறு கட்டுங்கள். கட்டைக்கு மஞ்சளோ வெள்ளையோ பூசுங்கள். மூடுபனியில் கண்ணுக்குத் தெரிவது அந்த இரண்டும்தான்.

வைக்கும் முறை

வண்டி நின்றதும் சாரதி கால் பிரேக்கை அமுக்கியபடியே இருக்க வேண்டும். டிரெக்டரில் இடது, வலது என்று இரண்டு பிரேக் மிதி உண்டு. ரோட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவை ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும், ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு பக்கம்தான் பிடிக்கும். முன் சில்லுகளைத் திருப்பி வையுங்கள், வண்டி உருண்டால் மலைப்பக்கத்து மண்ணில் முட்டி நிற்கவேண்டும், பள்ளத்துப் பக்கம் போகக்கூடாது.

கிளீனர் இறங்கிப் பக்கவாட்டிலிருந்து சில்லை நெருங்க வேண்டும். வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு கட்டை வைக்கிறவர், வண்டி வந்தால் போவதற்கு இடமில்லாதவர். கட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து, டயரோடு ஒட்டும்வரை, டயரின் அகலத்துக்கு நடுவாகத் தள்ளுங்கள். சரிவின் கீழ்ப்பக்கத்தில்தான் கட்டை வரவேண்டும்: மூக்கு மேலே பார்த்து நிற்கும் வண்டிக்குச் சில்லின் பின்னால், கீழே பார்த்து நிற்பதற்கு முன்னால்.

எப்போதும் இரண்டு கட்டை, இரு பக்கச் சில்லுக்கும் ஒவ்வொன்று. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் மறுபக்கம் அந்தக் கட்டையை ஊன்றுகோலாக வைத்துச் சுழன்று வரும். ஒற்றைக் கட்டையோடு வண்டி ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி நின்றதை நான் கண்டிருக்கிறேன். டிரெக்டரும் பெட்டியும் சேர்ந்து நிற்கும்போது, கட்டை பெட்டியின் சில்லுக்கு. டிரெக்டரின் பெரிய சில்லுக்கும் ஒரு சோடி இருந்தால் இன்னும் நல்லது.

கட்டை இரண்டும் இருக்கின்றன என்று கிளீனர் குரல் கொடுத்த பிறகு, சாரதி கால் பிரேக்கை மெல்ல மெல்லத் தளர்த்தி வண்டியைக் கட்டையின் மேல் சாய விட வேண்டும். டயர் கட்டையைக் கவ்வும், கட்டை தரையைக் கவ்வும். சறுக்குமானால் இப்போதே சறுக்கும், கால் இன்னும் பிரேக்கில் இருப்பதால் பிடித்துவிடலாம். சாய்ந்து நின்றபின் கை பிரேக், எஞ்சினை நிறுத்தி கியர்: மேலே பார்த்தால் முதல் கியர், கீழே பார்த்தால் ரிவர்ஸ். அவசரத்தில் பலர் தவறவிடுவது இந்தச் சாய விடும் வேலையைத்தான். ஒட்டாமல் நாலு விரல் தள்ளி நிற்கும் கட்டையில் வண்டி வேகமெடுத்து வந்து மோதும். மோதும்போது ஏறிப்போகவும் கூடும்.

கொழுந்து ஏறியபின் டயர் அமுங்கிக் கட்டையை இறுக்கிப் பிடித்திருக்கும். சுத்தியலால் அடித்தோ காலால் உதைத்தோ எடுக்க வேண்டாம். சாரதி வண்டியை அரை அடி மேல்நோக்கி எடுத்துப் பிரேக்கில் நிற்கட்டும், கட்டை தானாக விடுபடும். கயிற்றைப் பிடித்துப் பக்கத்திலிருந்து இழுங்கள். நான் சாரதியாக இருந்த காலத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன்: கிளீனர் இரண்டு கட்டையையும் கையில் தூக்கியபடி என் பக்கக் கண்ணாடியில் தெரியும்வரை வண்டி நகராது. சத்தத்தை நம்புவதில்லை, மழையில் “சரி” என்பதும் “பொறு” என்பதும் ஒன்றுபோலக் கேட்கும்.

டயர் மாற்றும்போது

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கென்டர், எல்ப் வகையைச் சேர்ந்த சிறிய லொறிகள் பலவற்றில் கை பிரேக் பின் சில்லுகளை நேரடியாகப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், நீளமாக ஓடும் தண்டைத்தான் அது பிடிக்கிறது. இரண்டு பின் சில்லும் தரையில் இருக்கும்வரை வண்டி அசையாது. பஞ்சரான பக்கத்தை ஜெக் போட்டுத் தூக்கி, அந்தச் சில்லு தரையை விட்டு எழும்பியதும் கதை மாறிவிடும். தண்டு பூட்டியே இருக்கும், ஆனால் டிபரன்ஷல் காற்றில் தொங்கும் சில்லை ஒரு பக்கமும் தரையில் உள்ள சில்லை மறுபக்கமும் சுற்ற விட்டுவிடும். கை பிரேக் முழுதாக இழுத்திருக்கிறது, கியரும் போட்டிருக்கிறது, வண்டி மட்டும் இறங்குகிறது! ஜெக் சரிகிறது, அடியில் கையோ தலையோ இருக்கிறது.

ஆகவே நட்டைத் தளர்த்துவதற்கும் முன்னால், ஜெக்கை வெளியே எடுப்பதற்கும் முன்னால், தரையில் இருக்கப்போகிற எல்லாச் சில்லுக்கும் சரிவின் கீழ்ப்பக்கத்தில் கட்டை. பின் சில்லைத் தூக்குகிறீர்கள் என்றால் முன் சில்லு இரண்டுக்கும், மறுபக்கப் பின் சில்லுக்கும். இரண்டு கட்டைதான் இருக்கிறது என்றால் இன்னொரு லொறி வரும்வரை காத்திருந்து கடன் கேளுங்கள். முடிந்தால் சமதரைக்கு மெல்ல உருட்டிக்கொண்டு போங்கள். டயர் கெட்டாலும் பரவாயில்லை.

பெட்டியைக் கழற்றும்போது

இரண்டு சில்லுப் பெட்டியை டிரெக்டரிலிருந்து பிரிக்கும் நேரத்தில், அதுவரை அதைப் பிடித்திருந்த ஒரே பிரேக்கும் போய்விடுகிறது. கட்டை முதலில், பிறகு முன் தாங்கு, கடைசியில் ஊசி. இந்த வரிசை மாறக்கூடாது. இங்கே கட்டையைச் சில்லின் இரண்டு பக்கமும் வையுங்கள், ஊசியைத் தட்டும்போது பெட்டி முன்னாலும் நகரும். சுமை பின்பக்கம் குவிந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஊசியை எடுக்காதீர்கள். முன் தண்டு துள்ளி எழும்பித் தாடையில் அடிக்கும். சேர்க்கும்போது தலைகீழ்: ஊசி விழுந்து, அதற்குப் பூட்டுக் கம்பியும் போட்டு, சங்கிலி மாட்டிய பிறகுதான் கட்டையில் கை வைக்க வேண்டும்.

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு வருகிறவர்களில் யாராவது காருக்குப் பின்னால் படுக்கை வசதியுள்ள சிறிய வண்டியை இழுத்துக்கொண்டு வந்தால், அவர்களுக்கும் இதே வரிசைதான். கூடுதலாக ஒன்று: இடம், வலம் மட்டத்தைக் கட்டை வைப்பதற்கு முன்னாலேயே சரி செய்துகொள்ளுங்கள், முன், பின் மட்டத்தைக் கழற்றிய பிறகு முன் தாங்கைச் சுழற்றிச் சரி செய்யலாம். இரண்டு அச்சுள்ள வண்டிக்கு, இரண்டு டயருக்கும் நடுவில் விரித்து இறுக்குகிற ஒரு கருவி விற்கிறார்கள். உள்ளே நடக்கும்போது வரும் ஆட்டத்தை அது குறைக்கும். கட்டைக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம்.

பராமரிப்பு

கட்டையைக் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் எறியாதீர்கள். அதில் ஒட்டிய சேறும் டீசலும் கொழுந்துக்குப் போகும், ஸ்டோரில் கேள்வி வரும். பெட்டியின் வெளிப்பக்கத்தில் இரண்டு கொக்கி அடித்துக் கயிற்றோடு தொங்கவிட்டால் எடுக்கவும் இலகு, குறைந்தாலும் உடனே தெரியும்.

மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். முன் நுனி மழுங்கியிருந்தால் சீவிக்கொள்ளலாம், உயரம் குறையாதவரைக்கும். அடியிலுள்ள டயர்த் துண்டு தேய்ந்து ஆணித் தலை வெளியே தெரிந்தால் துண்டை மாற்றுங்கள். நாரோடு ஓடும் வெடிப்பில் விரல் நகம் நுழைந்தால் அந்தக் கட்டையின் காலம் முடிந்தது. அதை அன்றைக்கே கோடாரியால் பிளந்து விறகுக்குப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது எடுத்துவந்து திரும்பவும் ஒரு வண்டிக்கு வைத்துவிடுவார்கள்.